ஒரே எஞ்சின், மூன்று விலை

திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில் கால் நூற்றாண்டைக் கடந்த கார் ஆலை ஒன்று இருக்கிறது. 1998-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்கே மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது. பிறகு பஜேரோ வந்தது, அவுட்லேண்டர் வந்தது, கொஞ்ச காலம் இசுசூ வண்டிகளும் அங்கே உருவாயின. 2017-இல் பிரான்ஸின் பி.எஸ்.ஏ. குழுமம் சி.கே. பிர்லா குழுமத்தோடு கைகோத்தது. அதே ஆண்டு அம்பாசடர் என்ற பெயரையும் 80 கோடி ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டது. 2021 ஏப்ரலில் அந்தக் குழுமம் கொண்டுவந்த சிட்ரோயன் பிராண்டின் சி5 ஏர்கிராஸ் இந்த ஆலையிலிருந்து விற்பனைக்கு வந்தபோது அதற்கு ஃபீல், ஷைன் என்று இரண்டு வேரியண்ட்கள் இருந்தன. இரண்டுக்கும் எஞ்சின் ஒன்றே. விலையில் இரண்டு லட்சம் ரூபாய் வித்தியாசம்.

அம்பாசடர் வாங்கிய தலைமுறைக்கு இந்தக் குழப்பம் இல்லை. மார்க் 2, மார்க் 3 என்று வண்டி ஒன்றன்பின் ஒன்றாக மாறியதே தவிர, ஒரே நேரத்தில் ஐந்து விதமாக ஷோரூமில் நிற்கவில்லை. பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்று காத்திருப்பு குறைந்துவிட்டது. அதன் இடத்தை முடிவெடுக்கும் பாரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. எந்த கம்பெனி, எந்த கார் என்று தீர்மானித்து முடித்த பிறகும் பேஸ் மாடலா, நடுவில் ஒன்றா, டாப் எண்டா என்ற கேள்வி குடும்பத்தை மாதக்கணக்கில் உட்கார விடுவதில்லை. ஹைபிரிட் கார் என்றால் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. காரணம், இந்தியாவில் ஹைபிரிட் என்பதே பல காலம் மேல்தட்டு வேரியண்ட்டாகத்தான் விற்கப்பட்டது.

அதற்குப் போகுமுன் அதிகத்தூர் ஆலையின் இன்னொரு காரைப் பார்க்க வேண்டும்.

2022 ஜூலையில் சிட்ரோயன் சி3 வந்தது. தொடக்க விலை 5.71 லட்சம். லைவ், ஃபீல் என இரண்டே வேரியண்ட். மேலே இருந்த ஃபீலில்கூடப் பின்கண்ணாடிக்கு வைப்பர் இல்லை. பக்கக் கண்ணாடியை உள்ளிருந்து பட்டன் அழுத்தித் திருப்ப முடியாது. அலாய் சக்கரம் கிடையாது. வாங்க வந்தவர்களும் வண்டியை ஓட்டிப் பார்த்து எழுதியவர்களும் இந்தக் குறைகளைத்தான் அடுக்கினார்கள். நிறுவனம் செவிசாய்த்தது. அடுத்த ஆண்டு ஷைன் என்ற மூன்றாவது வேரியண்ட் வைப்பர், மின்கண்ணாடி, அலாய், பின்புறக் கேமராவோடு வந்தது. ஏர்பேக் மட்டும் இரண்டாகவே நின்றது. 2024 மார்ச்சில் குளோபல் என்கேப் அமைப்பு இதே காரின் மின்சார வடிவமான இ-சி3-யை மோதிப் பார்த்து முடிவை வெளியிட்டது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்யம் நட்சத்திரம், குழந்தைகளுக்கு ஒன்று. அந்த ஆண்டு ஆகஸ்டில் அதே ஆலையிலிருந்து பசால்ட் வந்தது. யூ, பிளஸ், மேக்ஸ் என்ற மூன்று வேரியண்ட்டிலும் ஆறு ஏர்பேக். அக்டோபரில் பாரத் என்கேப் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் நான்கு நட்சத்திரம் பெற்றது. சி3-யிலும் அந்த ஆண்டே ஆறு ஏர்பேக் நுழைந்தது.

பூஜ்யமும் நான்கும் ஒரே ஆலையின் வாசல் வழியாக வெளியே வந்தவை. போல்ட் முடுக்கியவர்களின் கைத்திறன் மாறிவிடவில்லை. எதைக் கட்டாயமாகக் கொடுப்பது, எதை விடுவது, எதை மேல் வேரியண்ட்டுக்கு ஒதுக்குவது என்று வரைபட மேசையில் எடுத்த முடிவு மாறியது. அதில் வாங்குபவருக்கும் பங்கு உண்டு என்பதுதான் இந்தக் கதையில் மனதை உறுத்துவது. வைப்பரைக் கேட்டார்கள், வைப்பர் கிடைத்தது. பக்கவாட்டில் மோதினால் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே விரியும் திரை ஏர்பேக்கைப் பலரும் கேட்கவில்லை. அது வருவதற்கு மோதல் சோதனை தேவைப்பட்டது.

குளோபல் என்கேப் ஒரு காரைச் சோதிக்கும்போது, இருப்பதிலேயே பாதுகாப்புக் கருவிகள் குறைந்த வேரியண்ட்டைத்தான் எடுக்கிறது. டாப் எண்டில் என்ன இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. மிகக் குறைவாகப் பணம் கொடுத்தவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதே அதன் முறை. கார் வாங்கப் போகிறவரும் விலைப்பட்டியலைக் கீழிருந்து மேலாக அப்படித்தான் வாசிக்க வேண்டும். ஷோரூமிலோ மேலிருந்து கீழாகக் காட்டுகிறார்கள். முதலில் உட்காரவைப்பது டாப் எண்டில். கூரைக் கண்ணாடி திறக்கிறது, இருக்கைக்குள்ளிருந்து குளிர்காற்று வருகிறது. அதற்குப் பிறகு பேஸ் மாடலைக் காட்டினால் எதையோ இழந்த மாதிரி இருக்கும்.

சட்டத்தின் வேலை இந்த இடத்தில்தான் தெரிகிறது. ஏபிஎஸ் பிரேக் ஒரு காலத்தில் டாப் எண்டின் பெருமை. 2019 ஏப்ரல் முதல் எல்லா கார்களுக்கும் கட்டாயமானது. ஓட்டுநர் பக்க ஏர்பேக் 2019 ஜூலையில் கட்டாயமானது, பக்கத்து இருக்கைக்கானது 2021 முடிவதற்குள் எல்லா மாடல்களுக்கும் வந்துவிட்டது. ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்க 2022 ஜனவரியில் ஒன்றிய அரசு வரைவு வெளியிட்டது. ஓர் ஏர்பேக்குக்கு 800 ரூபாய்தான் ஆகும் என்று அமைச்சர் நிதின் கட்கரி மக்களவையில் சொன்னார். சிறிய கார்களின் விலை ஏறிவிடும் என்று தயாரிப்பாளர்கள் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது. 2022 அக்டோபர் என்றிருந்த கெடு 2023 அக்டோபருக்குத் தள்ளிப்போனது. கடைசியில் கட்டாயம் இல்லை என்றே அமைச்சர் அறிவித்தார். அந்தப் பின்வாங்கல் தவறு. 800 ரூபாயோ அதைப்போல் ஐந்து மடங்கோ, ஓர் உயிரின் பக்கத்தில் வைத்துப் பேரம் பேசும் தொகை இல்லை அது. கட்டாயம் ஆகாததால், முன் இருக்கைகளின் இரண்டுக்கு மேற்பட்ட நான்கு ஏர்பேக்குகளும் பல கார்களில் மேல் வேரியண்ட்டிலேயே தங்கின. அவற்றை மட்டும் தனியாக வாங்க முடியாது. பெரிய திரையும் பளபளக்கும் கைப்பிடியும் கூடவே வரும், அவற்றுக்கும் சேர்த்துத்தான் காசு.

இப்போது ஹைபிரிட். திருவள்ளூர் மாவட்டத்து ஆலையில் ஹைபிரிட் கார் தயாராவதில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் இங்கே கூடிக்கொண்டிருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு ஆலைகளில் மேலாளராக இருப்பவர்கள், தேர்வாய் கண்டிகையில் மிச்செலின் டயர் ஆலைக்குப் போய்வருகிறவர்கள், ஆந்திர எல்லை தாண்டி ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போகும் பொறியாளர்கள், ஊத்துக்கோட்டைப் பக்கம் நிலம் விற்றுக் கையில் காசு வைத்திருக்கும் குடும்பங்கள். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தொட்ட பிறகு, மின்காருக்கு வீட்டில் சார்ஜ் போட வசதியில்லாதவர்களுக்கு ஹைபிரிட் நடுவழியாகத் தெரிகிறது.

இந்தியாவுக்கு ஹைபிரிட் வந்த வழியைப் பார்த்தால் அது எப்படி மேல்தட்டுப் பொருளானது என்பது புரியும். ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் 1997 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. இங்கே 2008-இல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட், 2010-இல் பிரியஸ், 2013-இல் கேம்ரி என எல்லாமே வசதி படைத்தவர்களின் வண்டிகள். 2022 மே மாதம் ஹோண்டா சிட்டியின் ஹைபிரிட் வந்தபோது இசட்எக்ஸ் என்ற ஒரே உச்ச வேரியண்ட்டில்தான் கிடைத்தது, விலை 19.49 லட்சம். கீழே வி என்ற வேரியண்ட் சேர 2023 மார்ச் ஆனது. மாருதி கிராண்ட் விட்டாராவில் 2022 செப்டம்பரில் முழு ஹைபிரிட் வேண்டுமென்றால் ஸீட்டா பிளஸ் வாங்க வேண்டும், 17.99 லட்சம், அதற்கும் மேலே ஆல்ஃபா பிளஸ், 19.49 லட்சம். டெல்டா பிளஸ் என்று 16.99 லட்சத்தில் ஒன்று கீழே இறங்கி வந்தது 2025 ஏப்ரலில்தான். பெட்ரோலை மிச்சப்படுத்தும் எஞ்சின், மிச்சப்படுத்த வேண்டிய தேவை குறைவாக உள்ளவர்களுக்கே முதலில் எட்டியது. அமெரிக்காவில் 2025 கேம்ரி ஹைபிரிட்டாக மட்டுமே விற்கப்படுகிறது. மிகக் கீழே உள்ள வேரியண்ட்டுக்கும் அதே எஞ்சின்தான்.

இந்த வரிசையில் டொயோட்டா அர்பன் குரூசர் ஹைரைடர் கொஞ்சம் வேறுபட்டது. பெங்களூரு அருகே பிடதியில் கிராண்ட் விட்டாராவோடு ஒரே ஆலையில் உருவாகும் வண்டி. 2022 செப்டம்பரில் அதன் ஹைபிரிட் எஸ், ஜி, வி என்று மூன்று வேரியண்ட்களில் வந்தது. விலை முறையே 15.11, 17.49, 18.99 லட்சம். மூன்றிலும் அதே 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சின், அதே மின்மோட்டார், அதே 0.76 கிலோவாட்-மணி பேட்டரி, அறிவிக்கப்பட்ட மைலேஜும் அதே 27.97 கிலோமீட்டர். அதாவது எஸ் வாங்கியவருக்கும் வி வாங்கியவருக்கும் பெட்ரோல் பங்க்கில் ஒரே செலவு. வித்தியாசம் முழுக்க எஞ்சினுக்கு வெளியே.

அந்த வித்தியாசம் எவ்வளவு? ஷோரூம் விலையில் 3.88 லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள்வரி 18 சதவீதம். அந்த 3.88 லட்சத்தின் மேல் வரி மட்டும் 69,840 ரூபாய். இரண்டும் சேர்ந்து 4.58 லட்சம். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்து, வண்டி லிட்டருக்கு இருபது கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்று குறைத்தே கணக்கிட்டாலும், இந்தப் பணத்துக்கு 91,000 கிலோமீட்டருக்கு மேல் பெட்ரோல் போடலாம். ஒரு குடும்பம் பல ஆண்டு ஓட்டும் தூரம் அது.

கடனில் வாங்கினால் தொகை இன்னும் வளரும். "மாசம் ரெண்டாயிரம்தான் சார் கூடும்" என்பது ஷோரூமில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். பொய்யில்லை. ஒரு லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணை மாதம் 2,076 ரூபாய்தான். ஆனால் கட்டி முடிக்கும்போது அந்த ஒரு லட்சம் 1,24,500-ஐத் தாண்டியிருக்கும். எஸ்ஸுக்கும் விக்கும் இடையிலான 4.58 லட்சத்தை இப்படிக் கட்டினால் மாதம் 9,500 ரூபாய், முடிவில் 5.70 லட்சம். கும்மிடிப்பூண்டியில் ஒரு குடும்பம் வீட்டு வாடகையையே இந்தத் தொகைக்குள் முடித்துக்கொள்ள முடியும்.

வரியில் இன்னொரு குழியும் இருக்கிறது. இருபது லட்சத்தைத் தாண்டினால் வரி 20 சதவீதம்; அது கூடுதல் தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும். 19.90 லட்சத்து வண்டிக்கு வரி 3,58,200. 20.10 லட்சம் என்றால் 4,02,000. இருபதாயிரம் ரூபாய் வசதியை எட்டிப் பிடிக்க வரியில் 43,800 ரூபாய் போகிறது. ஹைபிரிட்களின் மேல் வேரியண்ட்கள் இந்தக் கோட்டை ஒட்டித்தான் நிற்கின்றன. உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையில் முழு ஹைபிரிட்களுக்குப் பதிவுவரியை விலக்கியது. தமிழ்நாடு மின்கார்களுக்குத்தான் விலக்கு தந்துவந்திருக்கிறது, ஹைபிரிட்டுக்கு இல்லை. ஜி.எஸ்.டி.யிலும் நான்கு மீட்டரைத் தாண்டிய ஹைபிரிட்டுக்கு 2025 செப்டம்பர் முதல் 40 சதவீதம், மின்காருக்கு 5.

ஆனால் எஸ்தான் புத்திசாலித்தனம் என்று 2022-இல் யாராவது சொல்லியிருந்தால் அது தவறான ஆலோசனை. அப்போது எஸ்ஸில் ஏர்பேக் இரண்டே. ஆறு வேண்டுமென்றால் ஜிக்கு ஏற வேண்டும், கூடுதலாக 2.38 லட்சம். குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் போகிற குடும்பத்துக்கு அன்று ஜிதான் சரியான விடை. பெரிய திரைக்காக அல்ல, அந்த நான்கு ஏர்பேக்குக்காக. 2025 ஏப்ரலில் நிறுவனம் எல்லா வேரியண்ட்டுக்கும் ஆறு ஏர்பேக்கைக் கொடுத்தது. அன்றோடு கணக்கு தலைகீழானது. ஜியின் வலுவான நியாயம் போய்விட்டது. எஸ்ஸில் உயிர்காக்கும் பொருள்கள் வந்துவிட்டன, எஞ்சின் முன்பே இருந்தது. இன்று ஹைரைடர் ஹைபிரிட்டில் தயங்காமல் எடுக்கக்கூடியது எஸ்.

வேரியண்ட்டுக்கும் மைலேஜுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சில சமயம் உண்டு, அது எதிர்த்திசையில் வேலை செய்கிறது. அமெரிக்காவில் 2023 பிரியஸின் கீழ் வேரியண்ட் எல்ஈ, 17 அங்குலச் சக்கரத்தில் ஓடுகிறது; அரசு அமைப்பின் மதிப்பீட்டில் கேலனுக்கு 57 மைல். விலை கூடிய எக்ஸ்எல்ஈ, லிமிடெட் இரண்டும் 19 அங்குலச் சக்கரத்தோடு வருகின்றன. அவற்றுக்கு 52 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 24.2 கிலோமீட்டர் 22.1 ஆகக் குறைகிறது. சக்கரம் பெரிதானால் எடை கூடும், டயரின் உராய்வு கூடும். மைலேஜுக்காகவே பிறந்த காரில், அதிகம் பணம் கொடுத்தவர் மைலேஜை இழக்கிறார். டயர் மாற்றும் நாளில் இன்னொரு முறை செலவழிப்பார்.

ஆகவே வேரியண்ட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் சாலையைத் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டும். இந்த மாவட்டத்தில் இரண்டு பெரிய சாலைகள் சென்னையை நோக்கிப் போகின்றன. அவை இரண்டும் ஹைபிரிட்டுக்கு இரண்டு வேறு உலகங்கள்.

ஒன்று சி.டி.எச். ரோடு. திருவள்ளூரில் கிளம்பி திருநின்றவூர், பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர், பாடி என்று ஊரை ஊர் உரசிக்கொண்டு போகிறது. காலை எட்டு மணிக்கு அதில் போகிறவருக்குப் பிரேக்கிலிருந்து காலை எடுக்க நேரமிருக்காது. ஹைபிரிட்டுக்கு இதுதான் சொந்த வீடு. பிரேக் அழுத்தும் ஒவ்வொரு முறையும் மோட்டார் டைனமோவாக மாறி, வீணாகிற வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்க்கிறது. ஊர்ந்து நகரும்போது எஞ்சின் அணைந்து, சேர்த்த மின்சாரத்தில் வண்டி நகர்கிறது. இ-சி3 மின்காரின் பேட்டரி 29.2 கிலோவாட்-மணி, ஹைரைடரின் 0.76 அதில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான். இவ்வளவு சிறிய பேட்டரி போதுமானதாக இருப்பது, நிமிடத்துக்கு நிமிடம் நிரம்பிக் காலியாகிக்கொண்டே இருப்பதால். ஆவடி நெரிசல் மனிதருக்குத் தண்டனை, அந்தப் பேட்டரிக்குத் தீனி.

மற்றது ஜி.என்.டி. ரோடு. கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, தச்சூர் கூட்டுரோடு, காரனோடை, செங்குன்றம். நெல்லூரிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் வரும் லாரிகளோடு ஓடும் தேசிய நெடுஞ்சாலை. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் கார்ப் பந்தயம் நடந்தது. இன்று அந்த வழியாகப் போகும் எல்லாருமே ஒரு மாதிரி வேகத்தில்தான் போகிறார்கள். மணிக்கு 80, 90 கிலோமீட்டரில் சீராக ஓடும்போது எஞ்சின் இடைவிடாமல் உழைக்கிறது, பிரேக் குறைவு, மோட்டாரின் உதவியும் குறைவு. ஹைபிரிட்டின் ஆதாயம் இந்தச் சாலையில் மெலிந்துவிடுகிறது. செங்குன்றம் தாண்டி மாதவரம் நெரிசலில்தான் மறுபடி தலைதூக்கும்.

இதை எண்ணாகவும் பார்க்கலாம். 2022 விலையில் ஹைரைடரின் வி வேரியண்ட், சாதாரண ஆட்டோமேட்டிக்கில் 17.09 லட்சம், ஹைபிரிட்டில் 18.99. வரியோடு சேர்த்து வித்தியாசம் 2.24 லட்சம். அறிவிக்கப்பட்ட மைலேஜ் முறையே 20.58, 27.97. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மிச்சமாகும் பெட்ரோல் சுமார் 154 லிட்டர், அதாவது 15,400 ரூபாய். போட்ட பணம் திரும்ப பதினான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். திருவள்ளூரிலிருந்து தினமும் சென்னை போய்வந்து ஆண்டுக்கு 24,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஏழு ஆண்டு சொச்சம். நெரிசல் சாலையானால் அதற்கும் முன்பே திரும்பலாம். பேட்டரிக்கான உத்தரவாதம் எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். வாரத்துக்கு ஒரு முறை பெரியபாளையத்துக்கும் எப்போதாவது திருப்பதிக்கும் போகிற குடும்பம் ஹைபிரிட்டின் எந்த வேரியண்ட் என்று யோசிப்பதற்கு முன்னால், ஹைபிரிட் தேவையா என்று யோசிப்பது நல்லது. ஹைபிரிட் எடுத்தால் டிக்கியில் பேட்டரி உட்கார்ந்து இடத்தையும் குறைத்துவிடும். கிராண்ட் விட்டாராவில் 373 லிட்டராக இருக்கும் டிக்கி முழு ஹைபிரிட்டில் 265 ஆகிறது. குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அந்த நூறு லிட்டர் பெரிய விஷயம்.

எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பிரிக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. பிறகு போட்டுக்கொள்ள முடியுமா என்று ஒவ்வொரு பொருளையும் கேட்பது. சீட் கவர், பாட்டுப்பெட்டி, பின்புறக் கேமரா, அலாய் சக்கரம் எல்லாமே சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும். (ஹைபிரிட்டில் மட்டும் ஒயரை வெட்டும் வேலையை வெளிக்கடையில் விடக்கூடாது, ஆரஞ்சு நிற ஒயர்கள் உயர் அழுத்த மின்சாரம் ஓடுபவை, உத்தரவாதமும் போய்விடும்.) ஏர்பேக்கையோ, வண்டி சறுக்கும்போது சக்கரம் சக்கரமாகப் பிரேக் பிடித்து நிறுத்தும் இஎஸ்சி முறையையோ, நடு இருக்கைக்கான மூன்று புள்ளி பெல்ட்டையோ பின்னால் எந்தக் கடையிலும் வாங்கிப் பொருத்த முடியாது. கம்பெனியில் வரவில்லை என்றால் வண்டியின் ஆயுளுக்கும் இல்லை.

சன்ரூஃபைப் பற்றி ஒரு வார்த்தை. மேல் வேரியண்ட்டுக்கு ஏறுவதற்குக் குடும்பங்கள் சொல்லும் காரணங்களில் அதற்கு முக்கிய இடம் உண்டு. குழந்தைகளுக்குப் பிடிக்கிறது என்பது உண்மை. கூடவே, ஓடும் வண்டியில் குழந்தையின் தலையை அதன் வழியே வெளியே நீட்டவிடும் பழக்கமும் வந்திருக்கிறது. பெல்ட் இல்லாமல் நிற்கும் குழந்தைக்குத் திடீர் பிரேக் ஒன்று போதும். மே மாதத்து வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் இந்த ஊரில் கண்ணாடிக் கூரை ஏசிக்குக் கூடுதல் சுமையும்கூட. பின் இருக்கைக்கு ஏசி துவாரம் இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிடப் பயன் தரும்.

முன்னால் போகும் வண்டியைக் கண்டு தானே வேகம் குறைக்கும் அடாஸ் வசதி வேறு ரகம். அது பாதுகாப்புக் கருவிதான். இன்னோவா ஹைகிராஸில் அது இசட்எக்ஸ் (ஓ) என்ற உச்சியில் மட்டுமே வந்தது. மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற காரிலேயே மோதலைத் தவிர்க்கும் கருவி பெரும் பணம் கொடுத்தவருக்குத்தான். ஏபிஎஸ் போன பாதையில் இதுவும் ஒருநாள் கீழே இறங்கும். ஆனால் தச்சூர் கூட்டுரோட்டில் எதிர்த்திசையில் வரும் பைக்குகளையும், சாலையில் படுத்திருக்கும் மாடுகளையும் நம்பி இன்று அதற்காக உச்சிக்கு ஏறச் சொல்ல முடியாது. ஓட்டுநரின் கவனத்துக்கு இந்தச் சாலைகளில் இன்னும் மாற்று வரவில்லை.

விலைப்பட்டியலில் எந்தக் கட்டத்திலும் இடம்பெறாத சில விஷயங்கள் இந்த ஊருக்கு முக்கியமானவை. டொயோட்டா ஹைபிரிட்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின் இருக்கைப் பக்கத்துத் துவாரம் வழியாக இழுக்கப்படுகிறது. கும்மிடிப்பூண்டி உருக்காலைகளின் கரித்தூசி படியும் தெருக்களில் நிற்கும் வண்டிக்கு அந்தத் துவாரத்தின் வடிகட்டியைச் சுத்தம் செய்வது ஒவ்வொரு சர்வீஸிலும் கேட்டு வாங்க வேண்டிய வேலை. துவாரத்தை மூட்டை வைத்து அடைக்கவும் கூடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் தண்ணீர் நின்ற தெருக்கள் எத்தனையோ. டிக்கியில் உயர் அழுத்த பேட்டரி இருக்கும் வண்டியை வெள்ளத்தில் இறக்குவதும், நனைந்த பிறகு நாமே ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் ஆபத்து. இன்சூரன்ஸில் வெள்ளச் சேதமும் ஹைபிரிட் பேட்டரியும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குவது, டாப் எண்டின் எந்த வசதியையும்விட மழைக்காலத்தில் கைகொடுக்கும்.

கடைசியாக மிஞ்சுவது ஊர்ப்பேச்சு. புது வண்டியைப் பெரியபாளையம் பவானி அம்மன் கோயில் வாசலில் நிறுத்தி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சை வைத்து நகர்த்தியதும் உறவினர் கேட்கும் முதல் கேள்வி, "டாப் எண்டுதானே?" என்பது. இல்லை என்று சொல்லும்போது வரும் ஒரு கணச் சங்கடத்துக்காக நான்கைந்து லட்சம் கடன் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சங்கடம் உண்மையானது, அதைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. கார் வாங்குவது இந்தப் பக்கத்துப் பல வீடுகளில் ஒரு தலைமுறையின் உழைப்புக்குக் கிடைத்த அடையாளம். அப்பா மின்சார ரயிலில் நின்றுகொண்டே கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போன வீட்டில் மகள் ஹைபிரிட் வாங்குகிறாள் என்றால், அவள் எல்லாம் நிறைந்ததாக வாங்க நினைப்பதில் தப்பில்லை. ஆனால் எது நிறைவு என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும், விலைப்பட்டியல் அல்ல.

எனவே முன்பணம் கட்டுவதற்கு முன் ஷோரூமில் பேஸ் மாடலின் முழு விவரத்தாளை முதலில் வாங்குங்கள். ஆறு ஏர்பேக், இஎஸ்சி, ஐந்து பேருக்கும் மூன்று புள்ளி பெல்ட், பாரத் என்கேப் நட்சத்திரம் ஆகிய நான்கும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் இவை முழுமையாகும் வேரியண்ட் வரை மட்டும் ஏறுங்கள். பேஸ் மாடலில் இவை இல்லாததால்தான் வாங்கவில்லை என்றால், அதை விற்பனையாளரிடம் வாயால் சொல்லிவிட்டு, நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள். வைப்பர் கேட்டவர்களுக்கு வைப்பர் வந்தது.